அயல்நாட்டில் முதல் வாரம்

ஊவா மாகாணத்து ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து, 1950 இல் நிறுவப்பெற்ற இந்தியக் கலாசார உறவுக் கழகத்தின் புலமைப்பரிசில் பெற்று, இந்தியப் பல்கலைக்கழகம் புகும் மாணவனுக்கு முதல் வாரம் எளிதன்று. தமிழிற் பயின்ற பாடங்களை ஆங்கில விரிவுரையாகக் கேட்டுக் குறிப்பெடுத்தல் வேண்டும். ஆங்கிலக் கலைச்சொற்களைத் தமிழ்ச் சொற்களுக்கு எதிரே நாள்தோறும் எழுதி வருதல் இதற்குத் துணையாகும்.

நீண்டகால விசாவில் வந்தமையால், முன்னோர் பிறந்த நாட்டிலேயே 14 நாட்களுக்குள் அயல்நாட்டவனாகப் பதிவு செய்துகொள்ளுதலும் வேண்டும். ஆயினும் அப்பதிவு இழுக்கன்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். நாடற்றவர்க்குக் கடவுச்சீட்டு ஏது? 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. ‘இலங்கையன்’ என அவன் எழுதும் ஒரு சொல்லுக்குப் பின்னே பலரின் 55 ஆண்டுக் காத்திருப்பு உள்ளது.