லென்ஸ் ஹூட்: தேர்வும் உபயோகமும்

மூணாற்றுக்கு அருகே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சித்திரபுரம் போன்ற மலையூர்களில் காலை வேளையில் படம் எடுப்போர் அடிக்கடி ஏமாற்றம் அடைவதுண்டு. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த மலைமுகடு, படத்தில் வெளிறிப் போய்க் காணப்படும். பழி மூடுபனியின்மேல் சுமத்தப்படும். ஆயினும் பல சமயங்களில் லென்ஸுக்குள் நுழைந்த வேண்டாத ஒளியே அதற்குக் காரணமாகும். இதனைத் தடுப்பதற்காக லென்ஸின் முன்னே பொருத்தப்படும் கறுப்புக் குழலே லென்ஸ் ஹூட் எனப்படுவது.

படத்தின் எல்லைக்கு வெளியே நிற்கும் சூரியன் படத்தில் விழுவதில்லை. ஆனால் அதன் கதிர்கள் முன்கண்ணாடியின்மேல் சாய்வாக விழக்கூடும். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைப் பிரதிபலிக்கிறது. இவ்வாறு பரப்புகளுக்கிடையே முன்னும் பின்னும் அலையும் ஒளியில் ஒரு பகுதி, படத்தின்மேல் மெல்லிய வெண்திரையாகப் படிகிறது. 1935இல் ஜெர்மனியில் ஸ்மகுலா கண்டறிந்த பூச்சு முறையும், பின்னர் வந்த பல அடுக்குப் பூச்சுகளும் இக்குறையைப் பெரிதும் தணித்தன; முற்றிலும் போக்கவில்லை. கண்ணாடிமேல் படிந்த தூசியும் விரல் தடமும் ஒளியைச் சிதறச் செய்வதைப் பூச்சு தடுப்பதில்லை.

இது வெறும் அழகு பற்றிய பிரச்சினையன்று. மூணாற்றின் வடக்கே, 1978இல் தேசியப் பூங்காவான இரவிகுளத்தில் வரையாடுகள் வாழ்கின்றன. முதிர்ந்த கிடாவின் கருமையான உடலில், முதுகின்மேல் வெளிர்நிறத் திட்டு ஒன்று உண்டு. வயதையும் பாலையும் அறிய அது முக்கிய அடையாளம். வெண்திரை படிந்த படத்தில் கருமை சாம்பல் நிறமாகி, திட்டின் எல்லை மங்கிவிடும். அப்படம் ஆய்வுக்குப் பயன்படாது.

ஹூட்டைத் தேர்ந்தெடுக்கும்போது லென்ஸின் பார்வைக் கோணத்தை முதலில் நோக்க வேண்டும். 36 × 24 மில்லிமீட்டர் படச் சட்டத்தில், 28 மி.மீ. லென்ஸ் மூலைவிட்டமாக ஏறக்குறைய 75 பாகையும், 50 மி.மீ. லென்ஸ் 47 பாகையும், 200 மி.மீ. லென்ஸ் 12 பாகையும் காண்கின்றன. ஆகவே தொலைநோக்கு லென்ஸுக்கு நீண்ட குழலும், அகன்ற கோண லென்ஸுக்குக் குட்டையான ஹூட்டும் பொருந்தும். படம் செவ்வகமாதலால், அகன்ற கோண லென்ஸின் ஹூட் பூவிதழ் வடிவில், மூலைகளுக்கு இடம்விட்டு வெட்டப்பட்டிருக்கும். ஜூம் லென்ஸின் ஹூட் அதன் மிக அகன்ற கோணத்திற்கேற்ப அமைவதால், நீண்ட குவிய தூரத்தில் போதிய காப்பு அளிப்பதில்லை. அப்போது கையாலோ குடையாலோ கூடுதல் நிழல் அளிக்கலாம்.

ஹூட்டின் உட்புறம் பளபளப்பற்ற கறுப்பாயிருத்தல் அவசியம். விலைக்குக் கிடைக்காவிடில் கறுப்புக் காகிதத்தால் செய்துகொள்ளலாம். முதலில் நீளமாகச் செய்து, லென்ஸைத் தொலைவுக்குக் குவித்து, துவாரத்தை எஃப்/16 அளவுக்குச் சுருக்கி, மேகமற்ற வானத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். மூலைகள் கறுத்திருந்தால், அவை தெளியும்வரை சிறிது சிறிதாக வெட்டிக் குறைக்கலாம். வடிகண்ணாடி பொருத்தும் வழக்கமுடையோர் அதனையும் பொருத்தியே சோதிக்க வேண்டும்.

பனியையும் லென்ஸின் குறையையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. காமிராவின் திரையை நோக்கியவாறே, சூரியன் இருக்கும் பக்கத்தில் கையை நீட்டி லென்ஸின்மேல் நிழல் விழச் செய்க. காட்சி உடனே அழுத்தம் பெற்றால் குறை லென்ஸினுள் உள்ளது. மாற்றம் இல்லையேல் வெண்மை காற்றிலுள்ள பனியினுடையது. அதனை எந்த ஹூட்டும் நீக்காது. ஆசிரியர்கள் வகுப்பில் இதனைச் செய்து காட்டினால், ஒளிப் பிரதிபலிப்பு மாணவர்க்கு நன்கு விளங்கும்.

சூரியனே படச் சட்டத்துக்குள் இருப்பின் ஹூட் பயன்படாது. காமிராவோடு இணைந்த பிளாஷ் விளக்கை உபயோகிக்கும்போது ஹூட்டின் நிழல் படத்தின் கீழ்ப்பகுதியில் விழலாம். அப்போது அதைக் கழற்றிவிட வேண்டும். பலத்த மலைக்காற்றில் நீண்ட ஹூட் காற்றைத் தாங்கிக் காமிராவை அதிரச் செய்யும். மழைத்தூறலிலோ அதுவே முன்கண்ணாடியை ஓரளவு காக்கும்.

கணினியில் வெண்திரையை ஓரளவு நீக்கலாமெனினும், அதில் மறைந்த நுண்விவரம் முழுமையாகத் திரும்புவதில்லை. இம்மலைகளில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. அத்தகைய காட்சியை மறுநாள் வந்து திரும்ப எடுக்க இயலாது. ஆதலால் காமிராவைப் பையிலிருந்து எடுத்தவுடன் ஹூட்டைப் பொருத்துவதைக் களப்பணியாளர் வழக்கமாக்கிக் கொள்ளுதல் நலம்.