புதிய வேர்ட் பைல், பழைய ஆபீஸ்: திறப்பது எப்படி?

2008ஆம் ஆண்டில் நடந்தது இது. மறுநாள் காலை இன்டர்வியூவிற்குச் செல்ல வேண்டிய என் அக்கா மகள், தன் பயோடேட்டாவை மெயிலில் அனுப்பிவிட்டு, "மாமா, பிரிண்ட் எடுத்து வையுங்க" என்று போனில் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். என்னிடம் இருந்தது எக்ஸ்பி சிஸ்டமும் ஆபீஸ் 2003 தொகுப்பும்தான். பைலில் டபுள் கிளிக் செய்தால் திறக்கவில்லை. பெயரின் இறுதியில் டாக் என்பதற்குப் பதிலாக டாக்எக்ஸ் என்று இருந்தது. எக்ஸ் எழுத்தை நீக்கிப் பெயரை மாற்றித் திறந்தேன். "பி.கே." என்ற இரண்டு எழுத்துகள், பின்னர் பக்கம் பக்கமாகக் கட்டங்கள்! வைரஸ் என்று எண்ணி அழிக்கவே போய்விட்டேன்.

உண்மையில் பைலில் எந்தக் கோளாறும் இல்லை. 2007 ஜனவரியில் விற்பனைக்கு வந்த ஆபீஸ் 2007 தொகுப்பில், மைக்ரோசாப்ட் பைலைப் பதியும் முறையையே மாற்றியது. டாக்எக்ஸ் என்பது ஒரு ஜிப் பைல். அதற்குள் எழுத்துகள், படங்கள், வடிவமைப்பு எல்லாம் தனித்தனி பைல்களாக இருக்கும். "பி.கே." என்பது ஜிப் முறையை உருவாக்கிய பில் காட்ஸ் என்பவரின் இனிஷியல். டப்பாவின் மேல் லேபிளை மாற்றினால் உள்ளே இருக்கும் பொருள் மாறாது அல்லவா? எக்ஸ்டென்ஷனை மாற்றுவதும் அப்படித்தான்.

அன்று என்னைக் காப்பாற்றியது மைக்ரோசாப்ட் இலவசமாக வழங்கிய கம்பாட்டிபிலிட்டி பேக். இன்ஸ்டால் செய்தவுடன் பயோடேட்டா ஒழுங்காகத் திறந்தது. ஆனால் 2018இல் அதனை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. ஆபீஸ் 2003க்கான பாதுகாப்பு பைல்களும் 2014 ஏப்ரலுடன் நின்றுவிட்டன. எனவே யாரோ தரும் பழைய பேக்கைத் தேடி டவுன்லோட் செய்ய வேண்டாம்.

பழைய ஆபீஸ் தொகுப்புடன் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்று செய்யக் கூடியவை:

1. லிப்ரே ஆபீஸ் தொகுப்பினை அதன் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி இன்ஸ்டால் செய்திடுங்கள். டாக், டாக்எக்ஸ் இரண்டையும் திறக்கும். இதன் புதிய பதிப்புகள் மிகப் பழைய விண்டோஸில் இயங்காது என்பதைக் கவனிக்கவும்.

2. கூகுள் அக்கவுண்ட் இருந்தால், பைலை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் மூலம் திறந்து திருத்தலாம்.

3. அனுப்பியவரிடம் கேளுங்கள். அவர் வேர்டில் எப்12 கீ அழுத்தி, சேவ் அஸ் டைப் பட்டியலில் வேர்ட் 97-2003 டாகுமெண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்து அனுப்பினால் போதும். பிரிண்ட் மட்டும் தேவையெனில் பி.டி.எப். ஆக அனுப்பச் சொல்லலாம்.

4. எதுவும் இயலாத அவசரத்தில், பைலுக்கு ஒரு காப்பி எடுத்து, அதன் எக்ஸ்டென்ஷனை ஜிப் என மாற்றித் திறக்கவும். உள்ளே வேர்ட் என்ற போல்டரில் உள்ள டாகுமெண்ட் என்னும் எக்ஸ்.எம்.எல். பைலை நோட்பேடில் திறந்தால், குறியீடுகளுக்கு நடுவே உங்கள் வரிகள் கிடைக்கும். படங்கள் மீடியா போல்டரில் இருக்கும்.

பைலை மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் முன்பின் தெரியாத தளங்களில் பயோடேட்டா, பேங்க் கடிதம் போன்றவற்றை ஏற்ற வேண்டாம். முகவரியும் போன் எண்ணும் யார் கைக்கோ போய்விடும்.

இனி ஒரு பைல் திறக்கவில்லை என்றால், டெலீட் கீயைத் தொடும் முன் எக்ஸ்டென்ஷனைப் பாருங்கள். பெரும்பாலும் பழுது பைலில் இருக்காது. நம் புரோகிராமுக்குத்தான் வயதாகி இருக்கும்.