மைல் சேர்ப்பது பெரிதல்ல, பறப்பதே பெரிது

சனிக்கிழமை காலையில் கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்துக்கு வெளியே ஜோகூர் பாரு செல்லும் 170ஆம் எண் பேருந்துக்கு எப்போதும் ஒரு வரிசை இருக்கும். அண்மையில் அந்த வரிசையில் நானும் என் பல்கலைக்கழக நண்பர்கள் மூவரும் நின்றோம். ஒரு படம் பார்த்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். ஆனால், பேச்செல்லாம் எந்தக் கடன்பற்று அட்டையைத் தட்டினால் எத்தனை மைல் கிடைக்கும் என்பதைப் பற்றியே இருந்தது.

“வெளிநாட்டுச் செலவுக்கு ஒரு வெள்ளிக்கு ரெண்டு மைல்டா. இப்படியே போனா ஜப்பானுக்கு இலவசமாப் போயிடலாம்,” என்றான் ஒருவன். அவன் கையில் இருந்தது அவனுடைய தந்தையின் பெயரில் எடுத்த துணை அட்டை.

உண்மையிலேயே இலவசமா? பேருந்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ரிங்கிட்டில் செலவு செய்தால் பெரும்பாலான வங்கிகள் ஏறத்தாழ 3.25 விழுக்காடு நாணயமாற்றுக் கட்டணம் பிடிக்கின்றன. 100 வெள்ளி செலவழித்தால் 3 வெள்ளி 25 காசு போய்விடும். பதிலுக்குக் கிடைப்பது 200 மைல். ஒரு மைலின் மதிப்பு ஒன்றேகால் காசு என்று வைத்தால், 2 வெள்ளி 50 காசு. ஆக, ஒவ்வொரு 100 வெள்ளிக்கும் 75 காசு நட்டம். ஒரு வெள்ளிக்கு நான்கு மைல் தரும் அட்டையாக இருந்தால் லாபம். அதுவும், அந்த மைல்களைப் பின்னர் ஒழுங்காகப் பயன்படுத்தினால்தான்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் இந்தக் கட்டுரையின் கதை. அதை நான் கற்றுக்கொண்டது என் வீட்டில்.

அம்மாவின் 24,000 மைல்

கிராஞ்சிக்கு அடுத்த நிறுத்தமான மார்சிலிங்கில் எங்கள் வீடு. அம்மா ஏழு ஆண்டுகளாக ஒரே கடன்பற்று அட்டையைப் பயன்படுத்தி வந்தார். மளிகை, மருந்து, என் பள்ளிச் சீருடை என எல்லாவற்றுக்கும் அதுதான். மாதம் தவறாமல் முழுத் தொகையையும் கட்டிவிடுவார். “புள்ளி சேருதுப்பா, பாட்டியோட எண்பதாவது பிறந்தநாளுக்கு அதுல போய்க்கலாம்,” என்பார். பாட்டி இருப்பது மயிலாடுதுறையில்.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் பயணச்சீட்டு எடுக்க உட்கார்ந்தோம். 38,000 மைலுக்கு ஈடான புள்ளிகள் இருக்கும் என்று அம்மா நினைத்திருந்தார். செயலியில் இருந்தது 14,000 மட்டுமே. மற்ற 24,000 காலாவதியாகிவிட்டது. வங்கி சொல்லாமல் இல்லை. மாதாந்திரக் கணக்கறிக்கையின் அடியில் ஒரு சிறிய வரியில் ஒவ்வொரு முறையும் சொல்லியிருந்தது. அந்த மின்னஞ்சலை எங்கள் வீட்டில் யாரும் முழுதாகத் திறந்து படித்ததில்லை.

அந்த மாதம் கையில் வேறு பணமும் இல்லை. பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு நான் இந்தக் கணக்கைப் படிக்கத் தொடங்கினேன்.

இந்த மைல் யாருடைய பணம்?

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1981ஆம் ஆண்டு மே மாதம் ‘அட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியது. அடிக்கடி பறப்பவர்களைத் தன்னிடமே தக்கவைத்துக்கொள்வது அதன் நோக்கம். சிங்கப்பூர் ஏர்லைன்சின் ‘கிரிஸ்ஃபிளையர்’ 1999ல் வந்தது. பின்னர் வங்கிகள் உள்ளே வந்தன. இன்று வங்கிகள் விமான நிறுவனங்களிடமிருந்து மைல்களை விலைகொடுத்து வாங்கி, அட்டை வைத்திருப்போருக்குத் தருகின்றன.

வங்கிக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? நாம் அட்டையைத் தட்டும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் வங்கிக்கு ஒரு சிறு கட்டணம் செலுத்துகிறார். தேக்காவில் சின்னக் கடைகள் பல “பேநவ் பண்ணுங்க” என்று கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆண்டுக் கட்டணம் இன்னொரு வருமானம். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து நமக்கு இருப்பது வட்டியில்.

சிங்கப்பூரில் கடன்பற்று அட்டைக்கான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 27 விழுக்காடு. 2,000 வெள்ளியைக் கட்டாமல் ஒரு மாதம் விட்டால் வட்டி சுமார் 45 வெள்ளி. அதே 2,000 வெள்ளிக்கு, ஒரு வெள்ளிக்கு 1.2 மைல் வீதம் கிடைப்பது 2,400 மைல். ஒரு மைலுக்கு ஒன்றரைக் காசு என்று தாராளமாக மதிப்பிட்டாலும் அது 36 வெள்ளிதான். ஒரே மாத வட்டி மொத்தப் பலனையும் விழுங்கிவிடுகிறது. தாமதக் கட்டணம் தனி.

ஆக, முதல் விதி: முழுத் தொகையையும் மாதாமாதம் கட்ட முடியாதவருக்கு மைல் அட்டை ஏற்றதல்ல.

ஒரு மைல் எத்தனை காசு?

இதைக் கண்டுபிடிப்பது எளிது. நீங்கள் எடுக்க நினைக்கும் பயணச்சீட்டின் விலையைப் பாருங்கள். மைல்களைக் கொண்டு எடுத்தாலும் விமான நிலைய வரிகளையும் கட்டணங்களையும் ரொக்கமாகச் செலுத்தவேண்டும். அந்தத் தொகையை விலையிலிருந்து கழியுங்கள். மீதியை, தேவைப்படும் மைல்களால் வகுங்கள்.

சென்னைக்குப் போய்வர 40,000 மைல் தேவை என்று வைத்துக்கொள்வோம். சீட்டின் விலை 620 வெள்ளி, வரி 120 வெள்ளி என்றால் மைல்கள் மிச்சப்படுத்துவது 500 வெள்ளி. ஒரு மைலுக்கு 1.25 காசு. அதே சீட்டு டிசம்பர் விடுமுறையில் 920 வெள்ளிக்கு விற்றால், மிச்சம் 800 வெள்ளி. அதாவது 2 காசு. விலை அதிகமான நாள்களில்தான் மைலுக்கு மதிப்பு கூடுகிறது.

ஆனால், இங்கே நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக்கூடாது. மைல் இல்லாவிட்டால் நீங்கள் மலிவுக் கட்டண விமானத்தில் 250 வெள்ளிக்குப் போயிருப்பீர்கள் என்றால், உங்களுக்கு உண்மையில் மிச்சமாவது 130 வெள்ளிதான். ஒரு மைலுக்கு மூன்றில் ஒரு காசு. நாம் வாங்கியிருக்கவே மாட்டாத விலையோடு ஒப்பிட்டால் எல்லாமே லாபமாகத்தான் தெரியும்.

பேரங்காடிப் பற்றுச்சீட்டுகளாகவோ பொருள்களாகவோ புள்ளிகளை மாற்றினால் பெரும்பாலும் விமானப் பயணத்தைவிடக் குறைந்த மதிப்பே கிடைக்கும். ஆனாலும், காலாவதியாகிப் பூஜ்ஜியமாவதைவிட அது மேல்.

சேர்ப்பதிலும் ஒரு கணக்கு

எல்லாச் செலவுக்கும் 1.2 மைல் தரும் அட்டையில் மாதம் 1,000 வெள்ளி செலவழித்தால் 40,000 மைல் சேர 34 மாதங்கள் ஆகும். கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள். உணவு, இணையக் கொள்முதல் போன்ற குறிப்பிட்ட செலவுகளுக்கு மட்டும் நான்கு மைல் தரும் அட்டைகளும் உள்ளன. அவற்றுக்கு மாத உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு 1,000 வெள்ளி என்றால், முழுதாகப் பயன்படுத்தினால் பத்தே மாதங்கள் போதும். செலவைக் கூட்டவேண்டியதில்லை. எந்தச் செலவை எந்த அட்டையில் வைப்பது என்று தெரிந்தால் போதும்.

மருத்துவமனை, காப்புறுதி, கல்விக் கட்டணம் போன்றவற்றுக்குப் பல அட்டைகள் புள்ளியே தருவதில்லை. பல்கலைக்கழகக் கட்டணத்தை அட்டையில் கட்டி மைல் அள்ளலாம் என்று கனவு காண்பவர்கள் விதிமுறைகளை முதலில் படிக்கவேண்டும்.

அடுத்தது காலம். கிரிஸ்ஃபிளையர் மைல்கள் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். வங்கிப் புள்ளிகளுக்கு வங்கிக்கு வங்கி வேறு கெடு. சிலவற்றுக்குக் கெடுவே இல்லை. வங்கியிலிருந்து விமான நிறுவனத்துக்கு மாற்ற ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 25 வெள்ளி கட்டணம் உண்டு. ஒருமுறை மாற்றினால் திரும்பப் பெறமுடியாது. எனவே, வங்கியின் கெடு அனுமதிக்கும்வரை அங்கேயே வைத்திருந்து, போகும் இடம் முடிவானதும் மொத்தமாக மாற்றுவது நல்லது.

அதற்காகப் பத்து ஆண்டுகள் சேர்த்து வைக்கலாம் என்றும் எண்ணவேண்டாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2019லும் 2022லும் பயணத்துக்குத் தேவையான மைல் எண்ணிக்கையை உயர்த்தியது. வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி கிடைக்கும். மைலுக்குக் கிடைப்பது தேய்மானம்தான்.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

வழக்கமான கடன்பற்று அட்டைக்கு 21 வயதும் ஆண்டுக்குக் குறைந்தது 30,000 வெள்ளி வருமானமும் வேண்டும். உயர்கல்வி மாணவர்களுக்காகச் சில வங்கிகள் 500 வெள்ளி வரம்புடன் அட்டை தருகின்றன. அதில் மைல் வேட்டையாடப் பெரிதாக ஒன்றுமில்லை. கணக்கறிக்கையைப் படிக்கவும் நாள் தவறாமல் கட்டவும் பழகிக்கொள்ள அது போதும்.

அட்டை இல்லாமலும் தொடங்கலாம். கிரிஸ்ஃபிளையரில் சேரக் கட்டணமில்லை. ஸ்கூட் விமானத்தில் திருச்சிக்குப் பறந்தாலும் மைல் சேரும். முன்பதிவின்போது உறுப்பினர் எண்ணைப் பதிவுசெய்ய மறக்காதீர்கள்.

ஜோகூர் பாருவில் கடைக்காரரின் கருவி “சிங்கப்பூர் வெள்ளியில் செலுத்துகிறீர்களா?” என்று கேட்டால் ரிங்கிட்டையே தேர்ந்தெடுங்கள். வெள்ளியைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் மோசமான மாற்றுவிகிதமே கிடைக்கும். சிறிய செலவுகளுக்கு நாணயமாற்றுக் கட்டணம் பிடிக்காத பலநாணய அட்டையே போதும்.

முக்கியமாக, வீட்டில் ஆளுக்கொரு கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறவிடாதீர்கள். கிரிஸ்ஃபிளையர் உறுப்பினர் ஒருவர் தம் மைல்களைக் கொண்டு, தாம் நியமிக்கும் ஐவர் வரை பயணச்சீட்டு எடுத்துத் தரலாம். பெற்றோரில் ஒருவரின் கணக்கில் சேர்ந்தால் அது ஒரு பயணமாகும். நான்கு கணக்குகளில் கிடந்தால் நான்கும் காலாவதியாகும்.

இருக்கை கிடைப்பது கடினம் என்பதையும் மறக்கக்கூடாது. மைலுக்கான இருக்கைகள் குறைவு. ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே முன்பதிவு திறக்கும். தேதியில் ஒரு வாரம் விட்டுக்கொடுக்க முடிந்தவருக்கே வாய்ப்பு அதிகம்.

பாட்டிக்கு 82 ஆவதற்குள்

காலாவதியானது போக மிஞ்சிய 14,000 மைலை அடிப்படையாக வைத்து நானும் அம்மாவும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் கணக்கு எழுதத் தொடங்கினோம். குடும்பத்தின் செலவு ஒரு காசுகூடக் கூடவில்லை. மாதம் 600 வெள்ளிச் செலவை மட்டும் நான்கு மைல் அட்டைக்கு மாற்றினோம். மாதம் 2,400 மைல். பதினொரு மாதங்களில் 40,000ஐத் தாண்டியது. புள்ளிகளின் கெடு தேதியை என் கைப்பேசி நாள்காட்டியில் குறித்துவைத்தேன்.

ஜூன் விடுமுறையில் இருக்கை கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய வாரத்தில் ஒன்று கிடைத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம்: ஒரு மைலுக்கு ஒன்றரைக் காசு. அம்மாவுக்கு அந்த எண்ணில் அக்கறையில்லை. சென்னையில் இறங்கி, மயிலாடுதுறைக்கு எந்த ரயிலில் போவது என்றுதான் விசாரித்துக்கொண்டிருந்தார்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்குச் சொந்தமாகக் கடன்பற்று அட்டை இருக்காது. ஆனால், உங்கள் வீட்டில் யாரிடமாவது இருக்கும். இன்றிரவு சாப்பிட உட்காரும்போது கேளுங்கள்: “அம்மா, உங்க புள்ளியெல்லாம் எப்போ காலாவதி ஆகுது?”

அவருக்குத் தெரியாது என்றால், செயலியைத் திறந்து நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான். எங்கள் வீட்டில் அந்த ஐந்து நிமிடத்தை யாரும் செலவிடாததால் 24,000 மைல் போனது.