பெற்றோர் வளர்த்த விஞ்ஞானம்

வியாதியின் இயல்பை வைத்தியர் ஆராய்ந்தறிந்து சொல்வதும், அவர் சொன்னதை வீட்டார் கேட்டு நடப்பதும் வைத்திய உலகத்தின் வழக்கமான முறை. அந்த முறை பெரும்பாலும் தலைகீழாக நடந்தேறிய துறை ஒன்று உண்டு. ஆட்டிசம் என்றும், அதன் ஒரு வகையாக நெடுநாள் எண்ணப்பட்ட ஆஸ்பெர்கர் நிலை என்றும் சொல்லப்படும் மன அமைப்பைப் பற்றி இன்று நமக்குள்ள அறிவில் கணிசமான பகுதி, அத்தகைய குழந்தைகளைப் பெற்று வளர்த்தவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்து, தம் வீட்டில் கண்டதை மற்றவர் வீட்டில் கண்டதோடு ஒப்பிட்டு, அந்த ஒப்பீடு தந்த தைரியத்தில் பண்டிதர்களோடு வாதாடிச் சம்பாதித்ததாகும். தன் குழந்தையைப் பற்றிப் பேசுவதற்கு இன்னொரு தாயையோ தகப்பனையோ தேடி அலைகிறவர்களை, ஆறுதலுக்கு ஏங்குகிறவர்கள் என்று மட்டுமே நாம் எண்ணிவிடுகிறோம். அவர்கள் தேடுவது அறிவையும்தான் என்பதையும், அந்தத் தேட்டத்துக்கு விஞ்ஞான சரித்திரத்திலேயே கௌரவமான இடம் இருக்கிறது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிஸ்ஸிஸிப்பி மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த வக்கீல் ஒருவர், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் மனோவைத்தியராக விளங்கிய லியோ கானருக்கு, தம் மகன் டொனால்டின் நடத்தையை விவரித்து 33 பக்கக் கடிதம் ஒன்றை எழுதி அனுப்பினார். தனியே விடப்பட்டபோதெல்லாம் அவன் மகிழ்ச்சியாக இருந்ததையும், கையில் கிடைத்த பொருள்களைச் சுழலவிட்டுக் களித்ததையும், கேட்டதை அப்படியே ஒப்பிக்கும் அவனது வியக்கத்தக்க ஞாபகசக்தியையும் தகப்பனார் நுணுக்கமாகக் குறித்திருந்தார். 11 குழந்தைகளைப் பற்றி 1943-இல் கானர் பிரசுரித்த புகழ்பெற்ற ஆராய்ச்சியில் முதலாவதாக இடம்பெற்றவன் இந்த டொனால்டே. ஆட்டிசம் பற்றிய சாஸ்திரத்தின் ஆதார ஏடுகளில் முதல் ஏடு, ஒரு தகப்பன் எழுதிய கடிதம் என்று சொன்னால் மிகையாகாது.

அடுத்த ஆண்டாகிய 1944-இல், வியன்னா பல்கலைக்கழகத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நான்கு சிறுவர்களை விசேஷமாக விவரித்து ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கானர் கண்ட குழந்தைகளில் சிலர் பேச்சே வராதவர்கள்; ஆஸ்பெர்கரின் சிறுவர்களோ பெரியவர்களைப் போல நீண்ட வாக்கியங்களில் சரளமாகப் பேசினார்கள். ஆயினும் எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பை அறிவதிலும், சமவயதுப் பிள்ளைகளோடு இணங்கி விளையாடுவதிலும் அவர்களுக்குப் பெரும் சிரமம் இருந்தது.

இந்தச் சுபாவத்தை நம் வீடுகளில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். எட்டு வயதுப் பையன் ஒருவன் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரையில் ரெயில் நிற்கும் ஸ்டேஷன்கள் அனைத்தையும் நேரத்தோடு ஒப்பிப்பான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாமா களைத்துப்போய்க் கொட்டாவி விடுவதன் பொருள் அவனுக்குப் புலப்படாது. "ஒரு நிமிஷத்தில் வருகிறேன்" என்று தாய் சொன்னால், கடிகாரத்தைப் பார்த்திருந்து, அறுபதாவது விநாடி கழிந்ததும் அழத் தொடங்குவான். குக்கரின் விசில், கல்யாண மண்டபத்தின் கெட்டிமேளம், சட்டைக் கழுத்தின் உட்புறம் தைத்த லேபிள் ஆகிய இவை, நமக்கு ஒரு கணம் உறுத்தி மறைபவை. அவனுக்கோ தாங்கவொண்ணாத வேதனையாகலாம். புலன்களின் வழியே ஓயாமல் வந்து குவியும் செய்திகளில் வேண்டியதை முன்னிறுத்தி வேண்டாததைப் பின்னொதுக்கும் காரியத்தை நம் மூளை நாம் அறியாமலே செய்துவிடுகிறது. இக்குழந்தைகளில் பலருக்கு அந்தக் காரியம் வேறு விதமாக நடப்பதால், எல்லை கடந்த நேரத்தில் அவர்கள் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறார்கள். பார்ப்பவர்கள் அதை அடம் என்கிறார்கள்.

பேசத் தெரிந்த, படிக்கத் தெரிந்த, தோற்றத்தில் எக்குறையும் இல்லாத குழந்தை என்பதே அதன் பெற்றோருக்குத் தனிப்பட்ட சங்கடமாக முடிகிறது. பள்ளியில் நாள் முழுவதும் பல்லைக் கடித்துப் பொறுத்திருந்துவிட்டு, வீட்டு வாசற்படியை மிதித்ததும் உடைந்து அழும் பிள்ளைகள் பலர். ஆசிரியை கண்டது அடக்கமான மாணவனை. தாய் கண்டது தரையில் புரண்டு கதறும் மகனை. இவ்விருவர் சாட்சியமும் மாறுபடும்போது உலகம் நம்புவது ஆசிரியையைத்தான். "வளர்ப்பு சரியில்லை", "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்ற தீர்ப்புகள் தாயின் மேல் வந்து விழுகின்றன.

அந்தத் தீர்ப்பை ஒரு காலத்தில் வைத்திய சாஸ்திரமே வழங்கிற்று என்பது வருந்தத்தக்க உண்மை. கானரிடம் வந்த பெற்றோரில் பெரும்பாலோர் நன்கு படித்த, அதிகம் பேசாத, உத்தியோக அந்தஸ்துள்ளவர்கள்; அவர்களுடைய அன்பின்மையே குழந்தையை உள்ளுக்குள் ஒடுங்கச் செய்ததோ என்ற ஐயத்தைக் கானரே எழுப்பினார். சிக்காகோவில் குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம், நாஜிகளின் சிறைமுகாம்களில் தாம் கண்ட கைதிகளின் மனநிலையோடு இக்குழந்தைகளின் நிலையை ஒப்பிட்டு, தாயின் மனத்தில் உள்ள வெறுப்பே இதற்கு மூலம் என்று 1967-இல் பெரிய புத்தகம் எழுதி அந்த ஐயத்தைச் சித்தாந்தமாகவே ஆக்கிவிட்டார். இந்த வாதத்தின் அடிப்படைப் பிழை என்னவெனில், தொலைதூர நகரத்து நிபுணருக்கு 33 பக்கம் கடிதம் எழுதவும், குழந்தையை அழைத்துக்கொண்டு அவரிடம் பிரயாணம் செய்யவும் படிப்பும் வசதியும் உடையவர்களாலேயே முடிந்தது என்பதை ஒருவரும் கருதிப் பார்க்காததே. வைத்தியரின் வாசலுக்கு வந்து சேர்ந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வியாதி அவர்கள் வீடுகளில் மட்டுமே பிறக்கிறதென்று முடிவு கட்டினார்கள்.

அதை முறியடிக்கப் புறப்பட்டவர்கள் பெற்றோரே. கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் கடற்படையின் மனோதத்துவ நிபுணராகப் பணியாற்றிய பெர்னார்ட் ரிம்லாண்ட், 1956-இல் பிறந்த தம் மகனின் நிலையை அறிந்த பின், அதுவரை இத்துறையில் வெளிவந்த ஆராய்ச்சிகளையெல்லாம் சேகரித்துப் படித்து, தாயைக் குற்றவாளியாக்கும் கொள்கைக்கு ஆதாரமே இல்லை என்றும், மூளையின் உடற்கூற்றிலேயே காரணத்தைத் தேட வேண்டும் என்றும் 1964-இல் ஒரு நூல் எழுதினார். அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் கானரே. நூலின் பின்னிணைப்பில் இருந்த வினாப்பட்டியலைப் பூர்த்தி செய்து பெற்றோர் பலர் ரிம்லாண்டுக்கு அனுப்பலாயினர். அந்தத் தொடர்பின் பயனாக 1965-இல் அமெரிக்காவில் பெற்றோரின் தேசிய சங்கம் தோன்றியது. 1969-இல் அச்சங்கத்தின் மாநாட்டில் எழுந்து நின்று, பெற்றோராகிய உங்கள்மேல் குற்றமில்லை என்னும் கருத்தில் கானர் பகிரங்கமாக அறிவித்தார். எட்டாண்டுகளுக்குப் பின், 1977-இல், சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் என்னும் இருவர் 21 இரட்டையர் ஜோடிகளைப் பரிசோதித்து, ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்ததையும், தனிக் கருக்களில் வளர்ந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அவ்வாறு இல்லாததையும் கண்டு, பரம்பரையின் பங்கை நிலைநாட்டினார்கள்.

இங்கிலாந்தில் நடந்தது இதனினும் சிறப்புடையது. லோர்னா விங் என்னும் மனோவைத்தியர், ஆட்டிசம் உள்ள ஒரு பெண்குழந்தையின் தாய். மனோவைத்தியம் கற்றிருந்தும் தம் மகளின் விஷயத்தில் திகைத்து நின்ற அவர், அதே நிலையில் இருந்த வேறு சில பெற்றோருடன் சேர்ந்து 1962-இல் லண்டனில் ஒரு சங்கம் அமைத்தார். கல்வி கற்கவே தகுதியற்றவை என்று இத்தகைய குழந்தைகளில் பலவற்றை அரசாங்கம் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. அச்சங்கம் 1965-இல் ஈலிங் பகுதியில், சிபில் எல்கர் என்னும் ஆசிரியையைத் தலைமையாகக் கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கி, இவர்களுக்குக் கற்பிக்க முடியும் என்பதைச் செய்கையில் காட்டிற்று.

பெற்றோர் கூட்டங்களில் கேட்ட அனுபவங்களும் தம் ஆராய்ச்சியும் லோர்னா விங்குக்கு ஓர் உண்மையைப் புலப்படுத்தின: கானர் வகுத்த இலக்கணத்துக்குள் அடங்காத குழந்தைகளே அதிகம். 1966-இல் மிடில்செக்ஸ் வட்டாரத்தில் விக்டர் லாட்டர் எடுத்த கணக்கு பத்தாயிரத்துக்கு நான்கு அல்லது ஐந்து குழந்தைகளையே காட்டியது. லோர்னா விங்கும் ஜூடித் கூல்டும் தென் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் ஆராய்ந்து 1979-இல் வெளியிட்ட முடிவில், பிறரோடு பழகுவதிலும் கருத்துப் பரிமாற்றத்திலும் கற்பனையிலும் ஒருசேரச் சிரமப்படும் குழந்தைகள் பத்தாயிரத்துக்கு இருபது பேர் அளவில் இருந்தார்கள். படித்தவர் வீடு, பாட்டாளி வீடு என்ற பேதமும் அங்கே காணப்படவில்லை. 1981-இல் லோர்னா விங், 5 முதல் 35 வயது வரையுள்ள 34 பேரை விவரித்து எழுதிய கட்டுரையே, ஆங்கிலம் பேசும் உலகில் அநேகமாக மறக்கப்பட்டிருந்த ஆஸ்பெர்கரின் பெயரைப் பிரசித்தமாக்கியது. ஒரு தாயின் கண்ணும் ஒரு விஞ்ஞானியின் பயிற்சியும் ஒருவரிடத்தே கூடியதன் பலன் அது.

இப்படிப் பெற்றோர் ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்ளும் அறிவு எத்தகையது என்பதையும் சற்றுக் கவனிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் புறப்படுமுன் மண்டபத்தின் படத்தைக் காட்டி, எங்கே உட்காருவோம், எப்போது எழுந்து வருவோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் குழந்தையின் பயம் பாதி தணியும். "சமத்தாக இரு" என்னும் பொதுவான கட்டளையை விட்டு, "இந்த நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார்" என்று செய்ய வேண்டியதையே சொன்னால் அது விளங்கும். அன்றாட அலுவல்களை வரிசையாகப் படம் வரைந்து சுவரில் ஒட்டினால் காலைநேரக் கலகம் குறையும். இத்தகைய உபாயங்களை, சில நிமிஷங்களே அவகாசமுள்ள வைத்தியரைவிட, அதே வேதனையைக் கடந்து வந்த இன்னொரு தாய் விரிவாகச் சொல்வாள். மேலும், ஆறு வயதுப் பிள்ளையின் தகப்பனுக்கு, இருபது வயதுப் பிள்ளையின் தகப்பனைச் சந்திப்பது எதிர்காலத்தையே கண்ணால் காண்பதாகும்.

ஆட்டிசத்தின் பல வகைகளையும் சேர்த்து நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒருவர் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் கணக்கு. ஆகவே ஒரே தெருவில் இன்னொரு குடும்பம் கிடைப்பது அரிது. அப்படி ஒரு குடும்பம் இருந்தாலும் வெளியில் சொல்லாமல் இருப்பார்கள். இதனால்தான் இப்பெற்றோரின் நட்பு ஆதிமுதலே தூரத்து நட்பாக இருந்து வந்திருக்கிறது. அன்று தபாலும் சங்கப் பத்திரிகையும் செய்த உபகாரத்தை இன்று கைத்தொலைபேசியும் இணையமும் செய்கின்றன. தேனி மாவட்டத்துக் கிராமத்தில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு நள்ளிரவில் விழித்திருக்கும் தாய், சிங்கப்பூரில் விழித்திருக்கும் தாயோடு பேசிவிட முடிகிறது.

ஆனால் இந்த வழியில் நல்லறிவு வரும் வேகத்திலேயே தவறான நம்பிக்கையும் வருகிறது. 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்னும் வைத்தியர், 12 குழந்தைகளை மட்டும் ஆதாரமாகக் கொண்டு, தட்டம்மை முதலிய மூன்று நோய்களுக்குமான தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்ற சந்தேகத்தைக் கிளப்பினார். 'லான்செட்' பத்திரிகை அக்கட்டுரையை 2010-இல் விலக்கிக்கொண்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆராய்ச்சி, அத்தகைய தொடர்பு எதுவும் இல்லையென்று தெளிவாகக் காட்டியது. எனினும் அந்த வதந்தி பெற்றோர் வட்டாரங்களில் நெடுங்காலம் உலவியது. ரிம்லாண்டே தம் பிற்காலத்தில் அதை நம்பினார். குழந்தையிடம் கண்டதைச் சொல்வதில் பெற்றோருக்கு நிகரானவர் இல்லை. கண்டதற்குக் காரணம் இதுவென்று நிர்ணயிப்பதற்கோ முறையான பரிசோதனை வேண்டும். பூரண குணம் என்று ஆசைகாட்டி மருந்து விற்கிறவர்களை இனங்காண இந்த ஒரு விதியை மனத்தில் இருத்தினால் போதும்.

ஆஸ்பெர்கர் என்னும் பெயரும் இப்போது வழக்கொழிந்து வருகிறது. ஆட்டிசத்தின் மற்ற வகைகளிலிருந்து இதனைப் பிரிக்கும் எல்லைக்கோடு நிலையானதல்ல என்று கண்ட அமெரிக்க மனோவைத்தியர் சங்கம், 2013-இல் இரண்டையும் ஒரே வகையாக இணைத்தது. 2018-இல் ஹெர்விக் செக் என்னும் சரித்திர ஆசிரியர், நாஜிகளின் காலத்தில் 789 குழந்தைகள் மாண்டுபோன ஷ்பீகல்குருண்ட் நிலையத்துக்கு ஆஸ்பெர்கர் குழந்தைகளை அனுப்பியிருந்ததை ஆவணங்களோடு வெளிப்படுத்திய பின், அப்பெயரைத் தாங்க விரும்பாதவர்கள் மிகுந்தார்கள். குழந்தைகளாக இருந்தவர்கள் வளர்ந்து தாமே பேசத் தொடங்கியதும் இக்காலத்தின் சிறப்பு. தாமும் ஆட்டிசம் உள்ளவரான சமூகவியலாளர் டேமியன் மில்டன், பிறர் மனத்தை அறியாத குறை ஒருபக்கத்தது அன்று, நாமும் அவர்கள் மனத்தை அறியத் தவறுகிறோம் என்று 2012-இல் எழுதினார். பெற்றோரின் கூட்டுறவில் இத்தகைய பெரியவர்களுக்கும் ஆசனம் இருத்தல் வேண்டும்.

நம் தேசத்திலும் சரித்திரம் இதே வழியில்தான் நடந்தது. 1991-இல் டில்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கிய மெர்ரி பரூவா ஒரு தாய். 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதைச் சேர்த்துக்கொண்டன. 18 வயதான பின்னும் ஆதரவு தேவைப்படுவோருக்கு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் மூலம் பாதுகாவலரை நியமிக்கலாம் என்பதையும், 'நிராமயா' என்னும் மருத்துவக் காப்பீடு உண்டு என்பதையும், பெரும்பாலான குடும்பங்கள் இன்றும் மற்றொரு குடும்பம் சொல்லியே தெரிந்துகொள்கின்றன.

ஆகவே குழந்தை வைத்தியர்களிடமும் மனநல நிபுணர்களிடமும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஆட்டிசம் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டோடு, பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று பெற்றோரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும், அவர்களுடைய சம்மதம் பெற்று, சேர்த்துக் கொடுப்பதைச் சிகிச்சையின் ஓர் அங்கமாகவே கொள்ளுங்கள். அதற்குச் செலவு இல்லை. தனியே கிடந்து தம்மையே நொந்துகொள்ளும் ஒரு தாயும் தகப்பனும், மற்றவர் துணையால் தெளிவு பெற்றுத் தம் குழந்தையை உள்ளபடி அறியத் தொடங்கினால், அந்தக் குழந்தைக்கு அதனினும் பெரிய நன்மையை நாம் செய்துவிட முடியாது.