கொயிலா, மொடியூலா? மாற்றுவதற்கு முன் சோதியுங்கள்

இறக்குவானைப் பக்கத் தோட்டமொன்றில், இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லயத்து மக்கள் நம்பியிருப்பது பழைய கார் ஒன்றைத்தான். கடந்த மழைக்காலத்தில் நானும் அதில் ஏறினேன். பாதி ஏற்றத்தில் எஞ்சின் நின்றது. இருபது நிமிடம் ஆறியதும் மீண்டும் ஸ்டார்ட் ஆனது. கராஜில் சொன்ன பதில்: "கொயில், மொடியூல் இரண்டையும் மாத்துங்க."

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாவானது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் பழைய வண்டிகளே இன்னும் ஓடுகின்றன. தவறான ஊகத்தில் வாங்கும் ஒரு பாகமும் இங்கே பல நாள் கூலி.

இரண்டின் வேலையும் வேறு. கொயில், பற்றரியின் 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தி பிளக்கில் தீப்பொறி உண்டாக்குகிறது. அதற்குப் போகும் மின்னோட்டத்தைச் சரியான நொடியில் துண்டிக்கும் சுவிட்ச்தான் மொடியூல். துண்டிக்கும் அந்தக் கணத்தில்தான் பொறி பிறக்கிறது.

முதலில் செலவில்லாத வேலை: பிளக், வயர், டிஸ்ரிபியூட்டர் மூடி, எர்த் இணைப்பு. இரத்தினபுரி மழையில் மூடிக்குள் ஈரம் கட்டினாலே பொறி சிதறிவிடும். துடைத்துக் காயவையுங்கள்.

அடுத்து சாவியைத் திருப்பி, கொயிலின் பொசிட்டிவ் முனையில் 12 வோல்ட் அளவில் வருகிறதா என்று மீற்றரால் பாருங்கள். வராவிட்டால் பியூஸ், சாவி, வயர் ஆகியவற்றில்தான் கோளாறு.

வந்தால், 12 வோல்ட் சிறு பல்ப் ஒன்றைப் பற்றரியின் பொசிட்டிவுக்கும் கொயிலின் நெகட்டிவுக்கும் இடையே இணைத்து, ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். பல்ப் மின்னி மின்னி எரிந்தால் மொடியூல் வேலை செய்கிறது. சந்தேகம் கொயில் மீது. மின்னாவிட்டாலும் உடனே மொடியூலைப் பழிக்க வேண்டாம். அதற்குச் சிக்னல் அனுப்பும் பிக்கப்பும் மொடியூலின் எர்த்தும் சரியென்று உறுதியான பிறகே அதை மாற்றலாம்.

கொயிலின் இரு சிறு முனைகளுக்கிடையே பொதுவாக ஓரிரு ஓம், நடு முனை வரை பல ஆயிரம் ஓம் காட்டும். சரியான அளவை அந்த வண்டியின் கையேட்டில் பாருங்கள். குளிரில் சரியாகக் காட்டும் கொயில் சூட்டில் அறுந்துபோவதுண்டு. ஆகவே எஞ்சின் நின்றவுடன் அளக்க வேண்டும். கை சுடும், கவனம்.

எஞ்சின் சுற்றும்போது பிளக் வயரைக் கையால் பிடிக்கவோ எர்த் இல்லாமல் தொங்கவிடவோ கூடாது. ஷொக் அடிக்கும், மொடியூலும் எரியலாம். ஒவ்வொரு பிளக்கிலும் தனிக் கொயில் உள்ள புதிய கார்களில் இந்தப் பல்ப் சோதனை வேண்டாம். கொயில்களை இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி கொயில்தான்.

எங்கள் காரில் பல்ப் மின்னியது. சூட்டில் கொயிலின் ஓம் அளவு எகிறியிருந்தது. கொயிலை மட்டும் மாற்றினோம். அதே ஏற்றத்தில் இப்போது நிற்காமல் ஏறுகிறது.