தவறு செய்ய ஒரு ரத்தக்குழாய்!

திரையில் எக்ஸ்ரே படம் ஓடுகிறது. தொடை வழியே நுழைத்த மெல்லிய கம்பியை, கழுத்தைத் தாண்டி மூளை வரை நகர்த்துகிறார் ஓர் இளம் டாக்டர். ஒரு வளைவில் கம்பி நகர மறுக்கிறது. சற்றே அழுத்தித் தள்ள, நுனி சுவரில் போய்க் குத்துகிறது. உயிருள்ள மனிதர் என்றால் மூளைக்குள் ரத்தக்கசிவே ஏற்பட்டிருக்கலாம். நல்லவேளை, மேஜையில் இருப்பது சிலிகோனில் செய்த ரத்தக்குழாய்!

ஆஞ்சியோ, ஸ்டென்ட் போன்ற சிகிச்சைகளைப் பழகவும், புதிய கருவிகளைச் சோதிக்கவும் இப்படிச் செயற்கைத் தமனிகளை உருவாக்குகிறார்கள். வடிவத்தை நோயாளியின் ஸ்கேனிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். குழாயின் உட்புற வடிவில் மெழுகு அச்சு செய்து, மேலே சிலிகோன் பூசி, இறுகியதும் மெழுகை உருக்கி வெளியேற்றுவது ஒரு முறை. ரப்பர் போன்ற மென்மையான பொருளில் 3டி பிரின்டரில் அச்சிடுவது இன்னொரு முறை.

வடிவம் மட்டும் போதாது. நிஜத் தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்கும். உட்சுவர் வழுவழுவென்று இருக்கும். விறைப்பான கண்ணாடிக் குழாயில் பழகினால் கைக்குத் தப்பான பாடம்தான் கிடைக்கும். சிலிகோனிலும் கம்பி வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் என்பதால், உள்ளே ஓடும் திரவத்தில் சோப்புக் கரைசல் கலப்பதுண்டு. ரத்தத்தின் பிசுபிசுப்புக்கு? உதட்டு வெடிப்புக்குத் தடவுகிறோமே, அதே கிளிசரின்தான்! சுமார் 40 சதவிகிதம் கிளிசரின், மீதி தண்ணீர். இதயம்போலத் துடித்துத் துடித்து ஓட விட ஒரு பம்ப். சூடும் 37 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். நிட்டினால் என்ற உலோகக்கலவையில் செய்த ஸ்டென்ட்டுகள் விரியும் விதம் வெப்பத்தைப் பொறுத்து மாறும்.

ஸ்டென்ட்டுக்கு இன்னும் கடுமையான பரீட்சை ஒன்று உண்டு. நம் இதயம் ஓராண்டில் ஏறக்குறைய 4 கோடி முறை துடிக்கிறது. 10 ஆண்டுகள் தாங்குமா என்று பார்க்க, செயற்கைக் குழாய்க்குள் ஸ்டென்ட்டைப் பொருத்தி 40 கோடி முறை விரித்துச் சுருக்குகிறார்கள். விநாடிக்கு 60 துடிப்பு என்று ஓட்டினால் சுமார் இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும்.

இந்தக் குழாய்க்குள் ரத்தம் உறையாது. கம்பி பட்டதும் நிஜத் தமனிபோல இறுகிக்கொள்ளாது. எனவே, இதில் தேறியவர் எல்லாவற்றிலும் தேறிவிட்டார் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், அமெரிக்காவின் பஃபலோ நகரில் நடந்ததைக் கேளுங்கள்.

ஜேக்கப்ஸ் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த மூளை அறுவை நிபுணர் அட்னான் சித்திகியிடம் வந்த ஒருவருக்கு, மூளைத் தமனியில் பலூன்போல வீக்கம். அதற்குள் ஒரு குட்டி உலோகக் கூடையை வைப்பதுதான் திட்டம். முதலில், அந்த நோயாளியின் ரத்தக்குழாய்களை அப்படியே 3டியில் அச்சிட்டு ஒத்திகை பார்த்தார்கள். கூடை சரிப்பட்டு வராது என்பது அப்போதுதான் தெரிந்தது. திட்டத்தை மாற்றிக்கொண்டு, அதன் பிறகே நோயாளிக்குச் சிகிச்சையை ஆரம்பித்தார் சித்திகி.