கழுதையின் குளம்பு பேசும், கவனிக்கத்தான் ஆளில்லை

கறவை மாடு ஒரு வேளை தீவனம் எடுக்காவிட்டால் வீடே பரபரப்பாகிவிடும். கழுதையின் குளம்பு செருப்பு முனை போல நீண்டு மேல்நோக்கி வளைந்து கிடந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘கல்லிலும் முள்ளிலும் நடக்கிற பிராணி, தானாகத் தேய்ந்துவிடும்’ என்பார்கள்.

முன்பு அந்தப் பதிலில் உண்மை இருந்தது. துணி மூட்டையோடு ஊருக்கும் ஆற்றங்கரைக்கும் தினமும் நடந்த கழுதைக்கு வளர்கிற அளவு குளம்பு தேய்ந்தது. இன்று நிலைமை வேறு. சலவைத் தொழிலில் கழுதைக்கு வேலை குறைந்துவிட்டது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 3.2 லட்சமாக இருந்த கழுதைகள், 2019 கணக்கெடுப்பில் சுமார் 1.2 லட்சமாகச் சுருங்கிவிட்டன. மிச்சமிருப்பவற்றில் ஒரு பகுதி பாலுக்காகக் கொட்டகையில் நிற்கிறது. மண் தரை, சாணி ஈரம், நடை இல்லை. ஆனால், குளம்பு வளர்வது நிற்கவில்லை.

நான் பயிரியல் படித்தவன். கால்நடை மருத்துவர் அல்ல. ‘கழுதைக்கு என்ன தீவனம் போடலாம்?’ என்று கேட்டு வருபவர்களிடம் முதலில் நான் கேட்பது, ‘குளம்பு எப்படி இருக்கிறது?’ என்றுதான். தீவனத்தின் கணக்கு குளம்பில்தான் எழுதப்படுகிறது. அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

குதிரைக்கும் கழுதைக்கும் குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. முடி முடிந்து குளம்பு தொடங்கும் மேல்விளிம்பில் உருவாகும் பகுதி, கீழே முன்நுனியை வந்தடைய 9 முதல் 12 மாதம் ஆகும். நடை இல்லாத கழுதைக்கு இரண்டு மாதத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் வரை மிகையாகிவிடும். நுனி நீள நீள, எடை குதிகால் பக்கம் சாய்கிறது. பின்தசைநார்கள் இழுபடுகின்றன. கணுக்கால் மூட்டு கோணுகிறது.

இதில் ஆபத்து என்னவென்றால், கழுதை நொண்டாது. குதிரைக்கு வலித்தால் காலைத் தூக்கிக் காட்டும். கழுதை வலியை வெளியே காட்டாத பிராணி. சற்று மந்தமாக நிற்கும், காதைத் தொங்கப் போடும், அதிக நேரம் படுத்துக் கிடக்கும், தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘கழுதைதானே, சோம்பேறித்தனம்’ என்று விட்டுவிடுவோம். ஆனால், தீவனம் எடுக்காத கழுதையின் உடல், சேமித்த கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் கொட்டத் தொடங்கும். ரத்தத்தில் கொழுப்பு அளவுக்கு மீறினால் கல்லீரலும் சிறுநீரகமும் செயலிழக்கும். கொழுத்த கழுதைக்கும் சினைக் கழுதைக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். குளம்பில் தொடங்கிய ஒரு சீழ்க்கட்டி, சில நாட்களில் கழுதையின் உயிரையே எடுத்துவிட முடியும். ஒரு நாள் முழுக்கக் கழுதை தீவனத்தைத் தொடவில்லை என்றால் அது அவசர நிலை. மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

கீழே குனிந்து பாருங்கள்

குளம்பைத் தூக்கித் திருப்பினால் நான்கு பகுதிகள் தெரியும். வெளியே கெட்டியான சுவர். உள்ளே சற்றுக் குழிந்த அடித்தட்டு. இரண்டையும் இணைக்கும் மெல்லிய வெள்ளைக் கோடு. குதிகாலிலிருந்து நடுவை நோக்கிக் கூர்மையாக வரும், ரப்பர் போன்ற முக்கோண மெத்தை. ஆங்கிலத்தில் இந்த மெத்தைக்கு ‘தவளை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று எனக்கு விளங்கியதில்லை. ஒவ்வொரு அடியிலும் குதிகால் பக்கம் சற்று விரிந்து சுருங்குகிறது. மெத்தை அதிர்ச்சியைத் தாங்குகிறது. குளம்புக்குள் ரத்த ஓட்டத்துக்கும் இந்த அசைவு துணை. லாடம் அடிக்காமல், குளம்பைச் சரியாகச் சீவி, வெறுங்காலோடு விடுவதை ஆதரிப்பவர்கள் சொல்லும் முதல் காரணம் இதுதான்.

கழுதை வைத்திருப்பவருக்கு இந்த விவாதமே தேவையில்லை. நம் ஊர்க் கழுதை எப்போதும் வெறுங்கால்தான். சீவல் மட்டும்தான் விடுபட்டுப்போயிற்று.

சீவும்போது ஒன்றை மறக்கக் கூடாது. கழுதையின் குளம்பு சிறிய குதிரைக் குளம்பு அல்ல. குதிரையைவிட 5 முதல் 10 டிகிரி செங்குத்தாக, குறுகலாக இருக்கும். குதிரைக்குச் சீவிப் பழகியவர் அதே சாய்வைக் கழுதைக்குக் கொண்டுவந்தால் கால் கெட்டுவிடும். பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கணுக்காலுக்குக் கீழே உள்ள சாய்வும் குளம்பின் முன்பக்கச் சாய்வும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கோடு நடுவில் ஒடிந்தால் நுனி நீளமாகவோ குதிகால் உயரமாகவோ இருக்கிறது என்று பொருள்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. உழவு மாட்டுக்கு லாடம் அடிக்கும்போது கயிற்றால் காலைக் கட்டிக் கீழே தள்ளிப் படுக்க வைப்பார்கள். அதே முறையைக் கழுதையிடம் செய்ய வேண்டாம். விழும்போது அடிபடும். அதைவிட, ஒரு முறை பயந்த கழுதை அடுத்த முறை காலைத் தொடவே விடாது. கழுதைக்கு ஞாபகம் அதிகம்.

நின்றபடியே சீவலாம். அதனோடு எப்போதும் சேர்ந்திருக்கும் துணைக் கழுதையைப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். துணையைப் பிரித்தால் பாதி முரண்டு அதனால்தான் வரும். தோளில் கை வைத்து, மெதுவாகக் காலின் பின்புறம் தடவிக்கொண்டே இறங்குங்கள். காலைத் தூக்கியதும் உங்கள் வசதிக்காக வெளிப்பக்கம் இழுக்காதீர்கள். அதன் உடலுக்கு நேர் கீழேயே, தாழ்வாகப் பிடியுங்கள். முதுகு வலிக்கப்போவது நமக்குத்தான். வயதான கழுதைக்கு மூட்டுத் தேய்மானம் இருக்கும். ஒரு காலை ஒரு நிமிடம் பிடித்துவிட்டுக் கீழே விட்டு, மீண்டும் தூக்குங்கள். நான்கு காலையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முன்னங்கால் இன்று, பின்னங்கால் நாளை என்றாலும் தவறில்லை.

மொட்டை முனைக் கொக்கியால் குதிகாலிலிருந்து நுனி நோக்கி அழுக்கை எடுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் மெத்தை குத்துப்படும். பிறகு, மிகையாக வளர்ந்த சுவரைக் குளம்பு வெட்டும் குறடால் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். அடித்தட்டைவிட ஓர் இரண்டு மில்லிமீட்டர் சுவர் உயரமாக இருக்கட்டும். அரத்தால் மட்டம் செய்து, வெளிவிளிம்பை லேசாக உருட்டிவிடுங்கள். கூர்மையாக விட்டால் அந்த இடத்தில் பிளந்துவிடும். அடித்தட்டைச் சுரண்டி ‘அழகாக்க’ வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தினால் அது அமுங்கக் கூடாது. மெத்தையில் தொங்கும் கிழிசல்களை மட்டும் எடுத்தால் போதும். இளஞ்சிவப்பு தெரிந்தாலே அளவு மீறிவிட்டோம் என்று அர்த்தம்.

கோடையில் குளம்பு கருங்கல் போலிருக்கும். ஈரச் சாக்கின் மேல் சிறிது நேரம் நிற்க வைத்துவிட்டுச் சீவினால் கருவிக்கும் கைக்கும் சுலபம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? 6 முதல் 10 வாரம். அமாவாசையன்று ஏர் பூட்டாத வழக்கம் உள்ள ஊர்களில் ஓர் அமாவாசை விட்டு அடுத்த அமாவாசை என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டரை வாரம் வரும். கணக்கு சரியாக இருக்கும். அடிக்கடி கொஞ்சம் எடுப்பதே நல்லது. எப்போதோ ஒருமுறை நிறைய எடுப்பது அல்ல.

மாதக்கணக்கில் விட்டுப்போய்ச் சுருண்ட குளம்பை ஒரே நாளில் ‘சரியான’ வடிவத்துக்குக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். உள்ளே எலும்பும் தசைநாரும் அந்தக் கோணலுக்குப் பழகியிருக்கும். கால்நடை மருத்துவர் மேற்பார்வையில், முடிந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, சில வார இடைவெளியில் பல தவணைகளாக எடுக்க வேண்டும். முதல் சீவலை அனுபவமுள்ள ஒருவர் செய்வதை நின்று பார்த்துவிட்டே நீங்கள் அரத்தைத் தொடுங்கள். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் குறடைத் தூக்குவதை நான் விரும்பவில்லை.

மழைக்காலம்

கழுதை வறண்ட நிலத்துப் பிராணி. அதன் குளம்பு குதிரைக் குளம்பைவிட ஈரத்தை அதிகம் உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் சாணியும் சிறுநீரும் கலந்த சேற்றில் நின்றால் மெத்தை அழுகும். கறுப்பாகக் கசியும், மூக்கைப் பிடிக்கும் நாற்றம் வரும். மூக்குதான் இதற்கு முதல் பரிசோதனைக் கருவி. வெள்ளைக் கோட்டில் கறுத்துப் பொடிப்பொடியாக உதிரும் குழி தெரிந்தால், அது சுவருக்குள் மேல்நோக்கி ஏறும் தொற்று. அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கொட்டகையில் ஒரு பகுதியையாவது மேடாக்கி, கூழாங்கல்லோ பருமணலோ பரப்பி, தண்ணீர் வடியச் செய்யுங்கள். புதிய யோசனை அல்ல. கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரை வளர்ப்பு பற்றி எழுதிய கிரேக்கரான செனபோன், குளம்பு உறுதிப்படக் கைப்பிடி அளவு உருண்டைக் கற்களை முற்றத்தில் பரப்பச் சொல்லியிருக்கிறார். அழுகல் வந்த இடத்தைக் கழுவி, நன்கு உலர்த்தி, பொவிடோன் அயோடின் தடவலாம். எஞ்சின் கழிவு எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது உள்ளே இருக்கும் ஈரத்தையும் கிருமியையும் மூடி வைக்கும்.

குளம்பில் ஆணியோ முள்ளோ ஏறினால் ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் வர வாய்ப்பு அதிகம். கால்நடைகளிலேயே குதிரை இனம்தான் அந்தக் கிருமியின் நஞ்சுக்கு எளிதில் இரையாவது. தடுப்பூசி போட்ட தேதியை எழுதி வைத்திருங்கள்.

குளம்பில் எழுதிய கணக்கு

கரும்பு விவசாயிகளுக்கு இது சட்டென்று புரியும். தண்ணீர் இல்லாத மாதத்தில் கணுவிடைப்பகுதி குட்டையாகிவிடும். வெட்டும்போது தோகையை உரித்தால் எந்த மாதம் காய்ந்தது என்று கரும்பே சொல்லும். குளம்பும் அப்படித்தான். வெளிச்சுவரில் குறுக்காக ஓடும் வளையங்களைப் பாருங்கள். மாதம் 8 மில்லிமீட்டர் வளர்ச்சி என்று வைத்தால், மேல்விளிம்பிலிருந்து 24 மில்லிமீட்டர் கீழே தெரியும் ஆழமான வளையம், சுமார் மூன்று மாதத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறது. தீவனம் மாறியிருக்கும், காய்ச்சல் வந்திருக்கும், அல்லது ஈன்றிருக்கும். வளையங்கள் முன்பக்கம் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகலமாகவும் விரிந்திருந்தால் கவலைப்பட வேண்டும். அது லேமினைட்டிஸ் எனும் உட்குளம்பு அழற்சியின் அடையாளமாக இருக்கலாம்.

குளம்புக்குள் இருக்கும் எலும்பு, இரண்டு சீப்புகளின் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்தது போலச் சுவரோடு பிணைந்து தொங்குகிறது. மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்தால் இந்தப் பிணைப்பு அழன்று விட்டுப்போகும். எலும்பு உள்ளேயே கீழே இறங்கும். திருமண மண்டபத்து மிச்சச் சோறு, நொய்க் கஞ்சி, அளவில்லாத மக்காச்சோளம், கரும்புச் சக்கை என்று பாசத்தில் போடுவதெல்லாம் இங்கேதான் கொண்டுபோய் விடும். குளம்பு சுடுகிறதா, முன்னங்காலை முன்னே நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றே மருத்துவர் வர வேண்டும்.

கழுதை குறைந்த சத்தில் வாழத் தகவமைந்த உயிர். உடல் எடையில் ஒன்றரை சதவீத அளவு உலர் தீவனம் போதும். 120 கிலோ கழுதைக்குச் சுமார் 2 கிலோ. காய்ந்த புல், பூஞ்சணம் பிடிக்காத வைக்கோல், கொஞ்சம் கடலைக்கொடி, மேய்ச்சல். பால் கறப்பதற்கும் சினைக்கும் கூடுதல் வேண்டும். அதை மருத்துவர் அளவிட்டுச் சொல்லட்டும். மாட்டுக்கு நல்லது கழுதைக்கும் நல்லது என்று கம்பு நேப்பியரை மட்டுமே வெட்டிப் போடுபவர்களைப் பார்க்கிறேன். அந்தப் புல்லில் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் இரைப்பை நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். கழுதைக்கு அந்த வசதி இல்லை. கூடவே தவிடும் போட்டால் எலும்பு பலவீனமாகி, கால் நோவு வரும். நேப்பியரை மற்ற புல்லோடு கலந்து கொடுங்கள்.

குதிரைக்கும் லாடம் வேண்டாமா?

இங்கே என் கருத்து சற்று மாறும். அமெரிக்காவில் லாடம் அடிக்கும் தொழிலில் இருந்த ஜேமி ஜாக்சன், 1980களில் காட்டுக் குதிரைகளின் குளம்புகளை ஆராய்ந்து, அதே வடிவில் வளர்ப்புக் குதிரைக்கும் சீவலாம் என்றார். வெறுங்கால் முறை பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஆனால், ஆஸ்திரேலியாவில் காட்டுக் குதிரைகளின் கால்களைச் சோதித்த குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவற்றிலும் லேமினைட்டிஸ் இருப்பதைக் கண்டார்கள். காட்டில் இருப்பதெல்லாம் குறையற்றது அல்ல. மேய்ச்சலில் நிற்கும் குதிரைக்கும், மணலில் ஓடும் குதிரைக்கும் வெறுங்கால் பொருந்தும். கொடைக்கானல், ஊட்டி தார்ச்சாலையில் நாள் முழுக்கச் சவாரி சுமக்கும் குதிரைக்கு வளர்ச்சியைவிடத் தேய்மானம் அதிகம். அதற்கு லாடமோ, கழற்றி மாட்டும் குளம்புக் காலணியோ தேவைப்படும். லாடத்தைக் கழற்றி வெறுங்காலுக்கு மாற்ற நினைப்பவர்கள், குளம்பு முழுதாகப் புதிதாக வளர ஆகும் அந்த ஒன்பது, பன்னிரண்டு மாதத்தைக் கணக்கில் வையுங்கள். அதுவரை வேலையைக் குறைக்க முடியாது என்றால் மாற்றாதீர்கள்.

ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போகிறவர்கள் பல்லையும் சுழியையும் பார்ப்பதோடு நான்கு காலையும் தூக்கிப் பாருங்கள். காலைக் கொடுக்க மறுக்கும் பிராணியை விலை பேசுமுன் இரண்டு முறை யோசியுங்கள். வீட்டில் குட்டி இருந்தால், முதல் மாதத்திலிருந்தே தினமும் காலைத் தொட்டு, ஒரு நொடி தூக்கி, விட்டுப் பழக்குங்கள். முதல் சீவலுக்கு மூன்று மாத வயதில் மருத்துவரிடம் காட்டலாம். கால் கோணல் இருந்தால் அந்த வயதில் திருத்த முடியும்; எலும்பு முற்றிய பிறகு முடியாது. அருகில் மருத்துவமனை இல்லாதவர்கள் 1962 என்ற கால்நடை அவசர ஊர்தி எண்ணை அழைக்கலாம்.